திறந்தவாசலில் கேள்வி நேரம்

உக்காருங்க டாக்டரம்மா. ஃபேன் போடறேன். தஞ்சாவூர்லேருந்து முதல் பஸ்ஸுக்கே கிளம்பிட்டீங்க போல. நீங்க விலாசம் தப்பா வரல, சரியாத்தான் வந்திருக்கீங்க. திறந்தவாசல் சங்கத்தோட பழைய அழைப்புல இந்த வீட்டு விலாசம்தான் இருக்கும். இப்ப புதுசு அடிச்சிருக்காங்க, அதுல என் பேரும் இல்ல, விலாசமும் இல்ல. யாரோ பழசை உங்களுக்கு அனுப்பிட்டாங்க. பரவாயில்ல. கூட்டம் பத்தரைக்குத்தான். ஹால் இங்கேருந்து ஆட்டோவுல பத்து நிமிஷம். என் சம்சாரம் குளிச்சிட்டிருக்கா. அவளும் அங்கதான் போறா, உங்களைக் கூட்டிட்டுப் போவா.

நான் வரல.

ஏன்னு நீங்க கேக்க மாட்டீங்க, நாகரிகம் தெரிஞ்சவங்க. நானே சொல்றேன். ஒரு இடத்துல பேசப் போறவங்களுக்கு அது எப்படிப்பட்ட இடம்னு தெரிஞ்சிருக்கணும் இல்லையா? என்ன தலைப்பு உங்களுக்கு? 'நோன்பும் உடம்பும்.' நல்ல தலைப்பு. ஏகாதசி, ரம்ஜான், கிறிஸ்தவங்களோட லெந்து நாள், எல்லாம் வரும். நான் இருந்தப்ப வெச்சிருந்தா 'பசியும் பக்தியும்'னு வெச்சிருப்பேன். தலைப்பு வைக்கிறதுல எனக்கு ஒரு கை உண்டு.

திறந்தவாசல்ங்கிற பேரே நான் வெச்சதுதான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் நூருல் அமீன்னு ஒரு நண்பரும் சேர்ந்து ஆரம்பிச்சோம். அவர் பள்ளிக்கூடத்துல தமிழாசிரியர், நான் ரயில்வேல என்ஜினீயர். எந்த மதமா இருந்தாலும் வரலாம், மதமே வேண்டாம்னு சொல்றவங்களும் வரலாம். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை. முதல்ல ஒரு நிமிஷம் மௌனம். அப்புறம் வெளியூர்லேருந்து வர்ற பேச்சாளர் நாப்பது நிமிஷம் பேசுவார். டீ. அதுக்கப்புறம்தான் விசேஷமே. கேள்வி நேரம். யாரும் எதையும் கேக்கலாம். கடவுள் இல்லேன்னு பேசினவருக்கும் கைத்தட்டல், உண்டுன்னு பேசினவருக்கும் அதே கைத்தட்டல். மடத்தை விட்டு ஓடி வந்தவர் பேசியிருக்கார். மதரஸா ஆசிரியர் பேசியிருக்கார். சுடுகாட்டுல வேலை பாக்கற அம்மா ஒருத்தங்களைக் கூட்டிட்டு வந்து பேச வெச்சேன், டாக்டரம்மா. அவங்க பேசி முடிச்சப்ப ஹால்ல ஒருத்தர் கண்ணும் காயல.

பேச்சாளரைத் தேடறது, கடுதாசி போடறது, ஜங்ஷன்ல போய் அழைச்சிட்டு வர்றது, மத்தியானம் நம்ம வீட்லயே சாப்பாடு, எல்லாம் நான்தான். டீ மட்டும் என் சம்சாரம். தையல்நாயகின்னு பேரு. பெரிய ஃபிளாஸ்க் ரெண்டுல கொண்டு வந்து கொடுப்பா. பேச்செல்லாம் அவளுக்கு ஏறாது. மூணாவது வரிசையில ஜன்னலோரமா உக்காந்திருப்பா.

மேசை மேல ஒரு சின்ன மணி இருக்கும். கேள்வி எங்கயாவது வழி தவறிப் போச்சுன்னா ஒரு தடவை தட்டுவேன். ஒழுங்குன்னு ஒண்ணு வேணும்ல. மத்தபடி யாரையும் நான் தடுத்ததில்ல. கேட்டுப் பாருங்க.

இப்படி இருக்கறப்ப எபனேசர்னு ஒரு பையன் வந்து சேர்ந்தான். உடம்புப் பயிற்சி வைத்தியம் பாக்கறாங்களே, பிசியோதெரபி, அது படிச்சவன். கடைசி வரிசையில உக்காருவான். ஒரு தடவை ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருத்தர் சமத்துவம் பத்திப் பேசினார். இவன் எந்திரிச்சு, "ஐயா, உயிரோட இருக்கிறவங்களை ஒரே பெஞ்சில உக்கார வெச்சிட்டோம்னு சந்தோஷப்படறோம். செத்தவங்களுக்கு ஏன் இன்னும் சாதிக்கு ஒண்ணா ரெண்டு கல்லறைத் தோட்டம்?"னு கேட்டான். எனக்கு அப்படி ஒரு பெருமை! ஒரு மாசம் பாக்கறவங்ககிட்டயெல்லாம், "அந்தக் கேள்வி கேட்டது எங்க சங்கத்துப் பையன்"னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

அப்புறம்தான் தெரிஞ்சது, அவனோட அப்பா தாவீது, என் செக்ஷன்லயே கலாசியா இருந்தவர். தண்டவாளச் சாமான் தூக்கிப் போடற வேலை. நான் இதைச் சாதிக்காகச் சொல்லல. ஒரு தகவலுக்குச் சொன்னேன். எனக்குச் சாதி கிடையாது.

ரெண்டு வருஷம் முன்னாடி மதுரையிலேருந்து செண்பகவல்லின்னு ஒரு வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன். சாதி மதம் பாக்காம கல்யாணம் பண்ணிக்கிறவங்களுக்குப் பதிவு பண்ணி வைக்கிறவங்க. பிரமாதமா பேசினாங்க. முப்பது நாள் முன்கூட்டியே ரிஜிஸ்தர் ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணும், அதைப் பலகையில ஒட்டுவாங்க, மூணு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும், சாட்சிக்கு ஆள் கிடைக்காமத்தான் பாதிப் பேர் நிக்கறாங்கன்னு சொன்னாங்க. கடைசியில நன்றியுரை நான். அன்னிக்கு எனக்கு வார்த்தை தானா வந்துச்சு. "எங்களுக்கு யாருமில்லன்னு ஒரு பொண்ணும் பையனும் இந்தத் திறந்தவாசல்ல வந்து நின்னா, இங்க இருக்கிற ஒவ்வொருத்தரும் சாட்சிக் கையெழுத்துப் போடக் கடமைப்பட்டவங்க"ன்னு சொன்னேன். கைத்தட்டல் நிக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. அமீன் பாய் அதை அப்படியே நடவடிக்கைப் புத்தகத்துல எழுதி வெச்சார்.

வக்கீலம்மாவுக்கு நம்ம வீட்லதான் சாப்பாடு. பரிமாறினது என் மக. மங்கையர்க்கரசி. அரசின்னு கூப்பிடுவோம். ஒரே பொண்ணு, காலேஜ்ல நூலகர். வக்கீலம்மாகிட்ட என்னவோ கேட்டுக் கேட்டுப் பரிமாறிட்டிருந்தா. பரவாயில்லையே, நம்ம பொண்ணுக்கும் பொது விஷயத்துல ஆர்வம் வந்திருச்சேன்னு நினைச்சேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சாயங்காலம் எபனேசர் வீட்டுக்கு வந்தான். நான் சந்தோஷமாத்தான் வரவேத்தேன். காபி கொடுக்கச் சொன்னேன். எங்க டம்ளர்லதான், நாங்க குடிக்கிற அதே டம்ளர்ல. அதையெல்லாம் நான் பாக்கறதில்ல. அவன் பாதி குடிச்சிட்டு வெச்சிட்டான்.

"சார், அரசியும் நானும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு வந்தேன்."

நான் திட்டல, டாக்டரம்மா. குரலே உயர்த்தல. "தம்பி, கூட்டத்துல பேசறது வேற. இது வீடு"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"கூட்டத்துல நீங்க சொன்னதை நம்பித்தான் சார் வீட்டுக்கு வந்தேன்."

"ரெண்டு வருஷம் போகட்டும், யோசிப்போம்"னேன். அவன் எந்திரிச்சு வணக்கம் சொல்லிட்டுப் போயிட்டான். சமையல்கட்டு வாசல்ல அரசி நின்னுட்டிருந்தா, அவ பின்னாடி அவங்கம்மா. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. அப்படின்னா ஒத்துக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?

அதுக்கப்புறம் கும்பகோணத்துலேருந்து ஒரு வரன் வந்துச்சு. நல்ல இடம், நம்ம ஆளுங்க, பையன் தணிக்கை ஆபீஸ்ல வேலை. நான் பாத்துட்டிருந்தேன். ஒண்ணுக்கு ரெண்டு இடமா பாக்கறதுல என்ன தப்பு? அரசி வேண்டாம்னா. நாள் ஆனா சரியாயிடும்னு விட்டுட்டேன். அமீன் பாய்கிட்டயும் ரெஜினா டீச்சர்கிட்டயும் அந்த வரனைப் பத்தி ஆசையா சொல்லிட்டிருந்தேன். ரெஜினா டீச்சர்னா, சங்கத்துல பத்து வருஷமா இருக்காங்க, முன்னாடி கன்னியாஸ்திரியா இருந்து வெளிய வந்தவங்க. சங்கத்துல அவங்களைச் சேக்க வேண்டாம்னு பல பேர் சொன்னப்ப நான்தான் நின்னு சேத்தேன். அந்த நன்றி இருக்கணும்ல.

ஒரு வியாழக்கிழமை. மணி பன்னண்டு இருக்கும். அரசி ஃபோன் பண்ணினா.

"அப்பா, பதிவு முடிஞ்சிருச்சு. நாங்க வீட்டுக்கு வரலாமா?"

எனக்கு உடனே புரிஞ்சிருச்சு. கட்டில்ல உக்காந்துட்டேன். நான் முதல்ல கேட்டது, "யார் யார் சாட்சிக் கையெழுத்துப் போட்டது?" அதுதான். நியாயமான கேள்விதானே?

"அமீன் மாமா. ரெஜினா டீச்சர்"னா.

"மூணாவது?"

"அப்பா, நான் நல்லா இருக்கேனான்னு கேக்க மாட்டீங்களா?"

நான் ஃபோனை வெச்சிட்டேன். மூணாவது ஆள் அந்தப் பையன் பக்கத்துல யாராவது இருக்கும்னு நினைச்சிக்கிட்டேன்.

பொண்ணு போனதுகூட ஒரு பக்கம், டாக்டரம்மா. பெத்தவங்களுக்கு அது நடக்கறதுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. முப்பது நாள் அந்தக் காகிதம் பலகையில ஒட்டியிருந்திருக்கு. அந்த முப்பது நாளைக்குள்ள ரெண்டு கூட்டம். ரெண்டு கூட்டத்துலயும் அமீன் பாய் என் பக்கத்துல உக்காந்திருந்தார். என் கையால டீ வாங்கிக் குடிச்சார். என் முழங்கால் வலிக்கு ஒரு எண்ணெய் சொன்னார். முப்பது வருஷப் பழக்கம். அவர் பையன் சுன்னத்துக்குப் பந்தல்ல நின்னு பரிமாறினவன் நான். அந்த மனுஷன் என் மூஞ்சியைப் பாத்து எண்ணெய் சொல்றார், என் பொண்ணு கல்யாணத்தைச் சொல்லல!

மூணு ராத்திரி தூங்கல. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். போகாம இருப்பேன்னு நினைச்சிருப்பாங்க. போனேன். என் சம்சாரமும் வழக்கம்போல ஃபிளாஸ்க்கைத் தூக்கிட்டு வந்தா. அன்னிக்கு புதுக்கோட்டையிலேருந்து ஒரு பெரியவர், மலைக்குகையில சமண முனிவர்கள் படுத்திருந்த கல்படுக்கைகளைப் படம் போட்டுக் காட்டிப் பேசினார். பாவம், நல்ல மனுஷன். ஒவ்வொரு படுக்கைக்கும் நீளம் அகலம் எல்லாம் அளந்து வெச்சிருந்தார். எனக்கு ஒண்ணும் காதுல விழல.

கேள்வி நேரம் வந்துச்சு. நான் எந்திரிச்சேன்.

"கேள்வி பேச்சாளருக்கு இல்ல. அமீன் பாய்க்கு"ன்னேன்.

அமீன் பாய் முகம் வெளுத்துப் போச்சு. "வாணன், இதை வீட்ல வெச்சுப் பேசிக்கலாமே"ன்னார். என் பேரு அம்பலவாணன், அவர் மட்டும் அப்படிக் கூப்பிடுவார்.

"வீட்ல பேச என்ன இருக்கு? இங்க யாரும் எதையும் கேக்கலாம். கேக்கறேன். என் பொண்ணு கல்யாணத்துக்கு என்கிட்டச் சொல்லாம நீங்க எப்படிச் சாட்சி போட்டீங்க?"

ஹால்ல முப்பது பேர் இருந்தாங்க. அமீன் பாய் மெதுவா எந்திரிச்சு, அலமாரியிலேருந்து நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைப் பிரிச்சு வாசிச்சார். நான் வக்கீலம்மா வந்தன்னிக்குச் சொன்னேனே, அது. ஒரு எழுத்து மாறல.

"அந்தப் பொண்ணும் பையனும் வந்து நின்னாங்க, வாணன். நீங்க சொன்னதைத்தான் செஞ்சோம்"னார்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். "பாய், அது ஒரு கருத்து. மேடையில சொல்ற கருத்தைத் தூக்கிட்டுப் போய் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்தா போடுவாங்களா யாராவது?"

நீங்களே சொல்லுங்க. போடுவாங்களா?

அப்ப ரெஜினா டீச்சர், "சார், நான் ஒரு தடவை சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். அந்த வரன் வேண்டாம்னு அரசி உங்ககிட்டச் சொல்லிட்டு அழுதது எங்களுக்குத் தெரியும். நீங்க அந்தக் கும்பகோணம் பையனோட வீட்டு மாடியைப் பத்தியே சொல்லிட்டிருந்தீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. சொன்னா அந்தப் பொண்ணை வெளிய விடமாட்டீங்களோன்னு"ன்னாங்க.

என்னைப் பாத்து! யாரையும் ஒரு நாளும் தடுக்காத என்னைப் பாத்து!

"சரி. ரெண்டு பேர் தெரிஞ்சாச்சு. மூணாவது யாரு? அதுவும் இந்த ஹாலுக்குள்ளதான் இருக்கும். தைரியம் இருந்தா எந்திரிக்கட்டும்"னேன்.

பேச்சாளர் பெரியவர் படம் காட்டற பெட்டியை அணைச்சிட்டார். மூணாவது வரிசையில ஜன்னலோரமா நாயகி எந்திரிச்சா.

"டீ டம்ளரெல்லாம் அப்புறம் எடுக்கலாம். உக்காரு நாயகி"ன்னேன்.

"டம்ளர் எடுக்க எந்திரிக்கலீங்க"ன்னா. "மூணாவது நான்தான்."

அத்தனை வருஷத்துல அந்த ஹால்ல அவ வாயைத் திறந்தது அன்னிக்குத்தான். அதோட நிறுத்தலாம்ல? நிறுத்தல. "பொண்ணுக்குன்னு வீட்லேருந்து ஒருத்தராவது நிக்கணும்னு தோணுச்சு. நின்னேன். தப்புன்னா என்னைக் கேளுங்க. அவங்களைக் கேக்காதீங்க"ன்னா. குரல் நடுங்கவே இல்ல. அந்தக் குரலை நான் அதுக்கு முந்தி கேட்டதில்ல.

நான் மணியை அடிச்சேன். கேள்வி நேரம் முடிஞ்சுதுன்னேன். ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல. கடைசியில நான்தான் வெளிய வந்தேன். செருப்பு வாரைப் போடாமலே நடந்து வந்துட்டேன்.

அவ வந்து சேர மூணு மணி ஆயிருச்சு. "உனக்கு எப்படி மனசு வந்துச்சு? நான் வீட்ல இருக்கறப்பவே போயிட்டு வந்திருக்கியே"ன்னு கேட்டேன். அவ ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கிட்டே சொன்னா. "அன்னிக்குக் காலையில பட்டுச் சேலை கட்டிக்கிட்டு உங்க முன்னாடிதான் நின்னேன். எங்க போறேன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்னேன். நீங்க பேப்பரை இறக்காமலே சரின்னீங்க."

ஒரு மனுஷன் பேப்பர் படிக்கிறது குத்தமா, டாக்டரம்மா?

இன்னொண்ணும் சொன்னா. அந்தப் பையனோட அப்பா தாவீது இருக்காரே, அவர் அன்னிக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்லயே நின்னுட்டாராம். மேல வாங்கன்னு எல்லாரும் கூப்பிட்டிருக்காங்க. "சார் வருவாங்க. சார் வந்ததும் அவங்க பின்னாடி வர்றேன்"னு வேப்பமரத்தடியிலேயே நின்னிருக்கார். எல்லாம் முடிஞ்சு கீழ இறங்கி வர்ற வரைக்கும். தன் பையன் கல்யாணத்தைப் பாக்கல, அந்த மனுஷன். நல்லவர். அவரை நான் ஒரு குறையும் சொல்லல. என் செக்ஷன்ல இருந்தப்பவும் அப்படித்தான், நான் வராம வேலையை ஆரம்பிக்க மாட்டார்.

அதை அவ சொன்னதுலேருந்து ஏன்னே தெரியல, ரிஜிஸ்தர் ஆபீஸ் இருக்கிற தெரு வழியா நான் போறதில்ல. சுத்திக்கிட்டுத்தான் போறேன்.

அது ஆச்சு பதினாலு மாசம். நான் கூட்டத்துக்குப் போகல. அவங்க வந்து கூப்பிட்டாங்க, இல்லேன்னு சொல்லல. அமீன் பாய் மூணு தடவை வந்தார். மூணு தடவையும் அந்த நாற்காலியில, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுல கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டுப் போனார். நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டா நான் மன்னிக்கத் தயார். அவர் மன்னிப்புக் கேக்க வரல. பாக்கத்தான் வந்தேன்ங்கிறார். பாத்தா போதுமா?

என் சம்சாரம் ஒரு கூட்டம் விடறதில்ல. அரசி வாரத்துக்கு ரெண்டு தடவை ஃபோன்ல அவங்கம்மாகிட்டப் பேசுவா. நாயகி ஸ்பீக்கர்ல போட்டு, நம்ம வீட்டு இந்த ஹால்லயே உக்காந்து பேசுவா. நான் கேக்கணும்னு இல்ல. அவளுக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம் போல. மத்த நேரம் அவ சமையல்கட்டுல இருந்தாலும் நான் இங்க முணுமுணுக்கிறது நல்லாத்தான் கேக்குது.

அப்படித்தான் எனக்கும் சேதி தெரியுது. எபனேசர் சொந்தமா ஒரு சின்ன கிளினிக் வெச்சிருக்கான். தாவீதுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. பேச்சாளர்களைத் தேடறது, கடுதாசி போடறது, அறிமுகப்படுத்தறது எல்லாம் இப்ப அரசிதான் பாக்கறாளாம். ஆமாம் டாக்டரம்மா, உங்களுக்கு எழுதினது அவதான். ஓ, ஃபோன்லயும் பேசினீங்களா? எப்படிப் பேசினா? மரியாதையா? நீங்க சொல்லாட்டியும் எனக்குத் தெரியும், மரியாதையாத்தான் பேசியிருப்பா. நான் வளத்த பொண்ணு.

பழைய அழைப்பையும் அவதான் அனுப்பியிருக்காளா? கையெழுத்து இருக்கா? காட்டுங்க. அவ எழுத்துதான் இது. ஏன் இதை அனுப்பினா? புதுசு கட்டுக் கட்டா அடிச்சு வெச்சிருக்காங்களே. தீர்ந்து போயிருக்கும். அவசரத்துல கைக்குக் கிடைச்சதை வெச்சிருப்பா.

இதோ நாயகி வந்துட்டா. கிளம்புங்க, நேரமாச்சு. நான் வரலம்மா, என்னைக் கூப்பிடாதீங்க. என்னத்துக்கு வரணும் நான்? நீங்க நல்லாப் பேசுங்க.

ஒண்ணே ஒண்ணு. அரசி மைக்குல வாயை ஒட்டி வெச்சுப் பேசுவா. பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டிக்குப் போன காலத்துலேருந்து அப்படித்தான், பாதி வார்த்தை புஸ்ஸுன்னு போயிடும். நாலு விரக்கடை தள்ளி நின்னு பேசச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்.

சொன்னாலும் பரவாயில்ல.